நத்தைகளைப் பற்றி அக்காவுக்குத் தெரியாதது

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குப் பெரிய தூண்டுதல் எதுவும் கிடையாது. உயிரியல் துறையின் நடைபாதையில், ஒரு கால் ஆடுகிற மர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று இதைக் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் அக்கா. எதிரே மூடிய கதவு. அதற்கு அந்தப் பக்கம் மூன்று பேராசிரியர்கள், அக்காவின் முனைவர் படிப்பு தொடருமா, இன்றோடு முடிந்ததா என்று முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே முடிவு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். வழக்கமாகக் கதை எழுதுகிறவளுக்கு முடிவு தெரியும், தெரியாததுபோல நடிப்பாள். இன்று எனக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"என்னடி தட்டிக்கிட்டே இருக்க?"

"கதை."

"யாரைப் பத்தி?"

"ஒரு அக்காவைப் பத்தி."

"அழ வச்ச, கொன்னுடுவேன்."

இது முதல் நிபந்தனை. கதையில் அக்கா அழக் கூடாது. இரண்டாவது நிபந்தனை கொஞ்ச நேரத்தில் வரும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டாலும் கண்ணில் படும்படி விட்டுவைக்கிறேன், பட்ட பாடு தெரியட்டும்.

"மழை ஓய்ந்த அந்த மாலையில், சன்னலுக்கு வெளியே..." இந்த நடைபாதையில் சன்னலே இல்லை. மழையும் இல்லை.

"உயிரியல் துறையில் உயர் ஆய்வுப் படிப்பு என்பது..." நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நானும்தான்.

"அக்கா எப்போதுமே..." இதற்கு மேல் ஓடவில்லை.

சரி, துறையின் கையேட்டிலிருந்து தொடங்குகிறேன். சேர்ந்த அன்று அக்கா கையில் கொடுத்தது, எங்கள் சாப்பாட்டு மேசையில் நெடுநாள் கிடந்தது. அதில் ஒரு தலைப்பு: தேவைகளும் எதிர்பார்ப்புகளும். தேவைகள் தெளிவாக இருக்கின்றன. இத்தனை பாடங்கள் படிக்க வேண்டும், இளநிலை மாணவர்களுக்குக் கொஞ்ச காலம் பாடம் எடுக்க வேண்டும், மூவர் குழு முன்னால் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். இரண்டாம் முறையும் தேறாவிட்டால் துறையைவிட்டுப் போக வேண்டும். அக்கா இப்போது எழுதியிருப்பது, மன்னிக்கவும், பேசிவிட்டு வந்திருப்பது, அந்த இரண்டாம் முறை.

எதிர்பார்ப்புகள் பகுதிதான் வேடிக்கை. "மாணவர் தனித்துச் சிந்திக்கும் திறன் பெற்றிருப்பார் என எதிர்பார்க்கப்படுகிறது." யார் எதிர்பார்க்கிறார்கள்? எப்போதிலிருந்து? எதிர்பார்த்தது நடந்துவிட்டது என்று யார் வந்து சொல்வார்கள்? ஒரு வார்த்தை கிடையாது.*

* எங்கள் வீட்டு விளக்கம்: 'பால் வாங்கிட்டு வா' என்பது தேவை. 'சொல்லாமலே வாங்கிட்டு வந்திருக்கக் கூடாதா' என்பது எதிர்பார்ப்பு. இதுவரை சண்டை வந்ததெல்லாம் இரண்டாவதால்தான்.

3

என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே கொஞ்சம் சந்தேகம். பல வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சராக இருந்தவள், மகள் வளர்ந்து நிற்கும்போது வேலையை விட்டுவிட்டு, பாதி வயதுக்காரர்களோடு ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள் என்றால் நீங்கள் நம்புவீர்களா? காரணம் நத்தை என்றால் இன்னும் நம்பமாட்டீர்கள்.

ஆனால் நத்தைதான். அக்காவின் தொட்டிச் செடிகளை நத்தைகள் தின்றன. எரிச்சலில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் புல்லில் போட்டது நான். மறுபடியும் நத்தைகள் வந்தன. "இது வேற நத்தை" என்றேன். "அதே நத்தைதான்" என்றாள் அக்கா. வாழ்நாளில் தன் விரலுக்கு நகப்பூச்சு போட்டறியாதவள் கடைக்குப் போய்ச் சிவப்பில் ஒரு குப்பி வாங்கி வந்து, ஒவ்வொரு நத்தை ஓட்டிலும் ஒரு பொட்டு வைத்தாள். நான் மறுபடியும் மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டேன். சில நாள் கழித்துச் சிவப்புப் பொட்டோடு வரிசையாக வந்து சேர்ந்தன. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் போட்டாள்.

[இங்கே 'நத்தையைப் போலவே அவளும் தன் படிப்புக்குத் திரும்பி' என்று எழுதியிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள். "நத்தையை எனக்கு உவமையாக்கின, இந்த பெஞ்சிலேயே உன்ன விட்டுட்டுப் போயிடுவேன்." இதுதான் இரண்டாவது நிபந்தனை. நத்தை நத்தையாகவே இருக்கட்டும்.]

முதல் தேர்வில் ஏன் தோற்றாள்? கேள்விக்கு விடை தெரியாமல் இல்லை. கேட்ட எல்லாவற்றுக்கும் விடை சொன்னதால்.

குழுவில் மூன்று பேர். அக்காவின் நெறியாளர் ஒருவர். வேறு துறையிலிருந்து வந்த புள்ளியியல் அம்மா ஒருவர். தலைவர், காளான் முதல் சுவர்ப் பூசணம் வரை ஆராய்கிறவர். நான் அவரைப் பூஞ்சைக்காரர் என்றுதான் சொல்வேன். அவர் கேட்டார்: "நத்தை தன்னோட சளித் தடத்தைப் பிடிச்சு வீட்டுக்கு வருதுங்கறீங்க. சரி. உங்க தங்கச்சி கையால தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டா தடமே கிடையாதே. அப்புறம் எதைப் பிடிச்சு வருது?"

அக்காவுக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாதாம். ஆனால் டீச்சர் அல்லவா? வகுப்பில் டீச்சர் ஒரு நொடி தயங்கினால் போதும், கடைசி பெஞ்சு கைவிட்டுப் போய்விடும். அக்கா தயங்கவில்லை. வாசனை, காற்று, ஈரம் என்று மூச்சுவிடாமல் வெளுத்து வாங்கினாள். அவர்கள் அடுத்த கேள்வி கேட்டார்கள், அதையும் வெளுத்தாள். தோற்றுவிட்டாள்.

நெறியாளர் பிறகு சொன்னாராம்: "நீங்க சொன்னது தப்புன்னு இல்ல. எங்க நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியல. தெரியாதுங்கற வார்த்தை வர்ற வரைக்கும் நாங்க கேட்டுக்கிட்டேதான் இருப்போம். அதுதான் இந்தத் தேர்வு. உங்க எல்லை எங்கன்னு உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கறோம்."

இது கையேட்டில் இல்லை. நான் வரிவரியாகத் தேடிவிட்டேன். எதிர்பார்க்கப்படுகிறதாம்!

4

அதன் பிறகு வீட்டில் நடந்ததை எழுதினால் மிகையென்பீர்கள். அக்காவுக்குத் 'தெரியாது' சொல்லப் பயிற்சி கொடுத்தோம், அவள் மகளும் நானும்.

"அம்மா, நிலவுல நத்தைய விட்டா என்ன ஆகும்?"

"தெரியாது. ஆனா பொதுவா ஈர்ப்பு விசை குறையும்போது..."

"ஆனா கூடாதும்மா!"

"சரி. தெரியாது."

"நிறுத்து. அவ்ளோதான். சித்தி, நீங்க கேளுங்க."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"தெரியாது."

"அக்கா, அது தெரியணும்."

அந்த 'ஆனா'தான் எதிரி. பல் தேய்க்கும்போது கேட்டோம், துணி மடிக்கும்போது கேட்டோம். கடைசியில் என் செருப்பை எங்கே வைத்தாய் என்று கேட்டால்கூடத் 'தெரியாது' என்று சொல்லிவிட்டு வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டாள்.

இன்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, நாள் முழுக்கக் காலை இறுக்கிய செருப்பைக் கழற்றிப் போட்டவள் மாதிரி இருந்தாள்.

"மதில் கேள்விய மறுபடியும் கேட்டார்டி."

"நீ?"

"தெரியாதுன்னேன்."

"அப்புறம்?"

"வாயை மூடிக்கிட்டேன்."

"அவங்க?"

"ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. கொஞ்சம் வெளிய உட்காருங்கன்னாங்க."

எனக்கு அங்கேயே பாதி உயிர் திரும்பி வந்தது. அக்காவுக்கும்தான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அது ஆடியது. அதற்கும் சிரித்தோம்.

5

ஆனால் கதவு திறக்கவில்லை.

வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்களாம். எங்களுக்குப் பிறகு அடுத்த அறையில் தேர்வு முடித்த ஒரு பையன் வெளியே வந்தான், உள்ளே போனான், கைகுலுக்கலோடு வந்து போயே போய்விட்டான். எங்கள் கதவுக்குள் மட்டும் குரல்கள் உயர்கின்றன. புள்ளியியல் அம்மா ஏதோ சத்தமாகச் சொல்கிறார். மேசையைத் தட்டும் ஓசை. அக்காவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிட்டது.

"சண்டை போடறாங்கடி. என் விஷயத்துல ஒத்து வரல."

"அப்படி ஒண்ணும் இருக்காது."

"ரெண்டு பேரு வேணாம்ங்கறாங்க. நெறியாளர் மட்டும் கெஞ்சறார்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள். பழக்கம் எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு ஒன்று: கதவு திறந்தது. நெறியாளர் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்கு

[விட்டுவிட்டேன். "ஏன் நிறுத்திட்ட?" என்றாள். "கை வரல" என்றேன். பள்ளிக்கூடத்தில் அவள் இடத்துக்கு வேறு டீச்சர் வந்தாகிவிட்டது. திரும்பிப் போக அங்கே நாற்காலி இல்லை. இதைக் கதைக்காகக்கூட எழுத என்னால் முடியாது.]

முடிவு இரண்டு: கதவு திறந்தது. மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "இவங்க கைதட்டற ஆளுங்களா?" என்று கேட்டாள் அக்கா. அதுவும் சரிதான்.

முடிவு மூன்று: வீட்டுத் தோட்டத்தில் ஒரு நத்தை மெல்ல

[நிபந்தனை இரண்டு.]

6

இதை நிகழ்ந்தபடியே தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதவு திறந்தது. கூப்பிடுவதற்காக இல்லை. பூஞ்சைக்காரர் காலியான தண்ணீர் பாட்டிலோடு விறுவிறுவென்று வந்தார். எங்களைத் தாண்டி நாலடி போய்விட்டார். நின்றார். திரும்பினார்.

"அட! நீங்க இன்னும் போகலையா?"

அக்கா எழுந்து நின்றாள். "போகலாங்களா சார்?" என்றாள், சின்னக் குரலில்.

"உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"என்ன சார் சொல்லணும்?"

அவர் கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "என்னங்க, நீங்க சொல்லிட்டீங்கன்னுல்ல நான் நெனச்சேன்!"

உள்ளிருந்து நெறியாளர்: "நான் எங்க எழுந்தேன்? தலைவர் நீங்கதானே போய்ச் சொல்லணும்!"

"ஐயோ," என்று பாட்டிலை நெற்றியில் தட்டிக்கொண்டார் பூஞ்சைக்காரர். "மன்னிச்சுக்கங்கம்மா. நீங்க கதவைச் சாத்தினதுமே முடிஞ்சு போச்சு. பாஸ். மூணு பேரும் சரின்னுட்டோம், அதுல பேச என்ன இருக்கு? அப்புறம் நான் பாட்டுக்கு அந்த மதில் விஷயத்தை எடுத்தேன். ஈரச் சுவர்ல பூசணம் இருக்கும், அந்த வாசனைதான்னு சொன்னேன். அந்தப் புள்ளியியல் அம்மா ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க. திரும்பி வந்த நத்தையத்தானே எண்ணினீங்க, வராததெல்லாம் எங்க போச்சுன்னு யார் பாத்தான்னு கேக்கறாங்க. அதுல உங்களையே மறந்துட்டோம்."

அக்கா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

[இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. நிபந்தனை ஒன்றை மதித்து எடுத்துவிட்டேன்.]

நான் அழுதேன். என்னைப் பற்றி யாரும் நிபந்தனை போடவில்லை. பெரிய நிம்மதி. கைப்பேசித் திரை நனைந்து எழுத்துகள் தானாக ஓடுகின்றன, நடுவில் ஒரு இடத்தில் ழழழழ என்று வந்திருக்கிறது, அழிக்க மனசு வரவில்லை.

ழழழழ

"உள்ள வாங்கம்மா," என்றார் பூஞ்சைக்காரர். "நீங்களே சொல்லுங்க அவங்ககிட்ட. மதில் ஈரமா, காய்ஞ்சதா?"

"அந்த நத்தைங்களைப் போட்டதெல்லாம் சாயங்காலமா?" என்று உள்ளே புள்ளியியல் அம்மா கேட்கும் குரல், யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு (மன்னித்துவிடு அக்கா, தப்பி வந்துவிட்டது) என் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

கதவு மூடிக்கொண்டது.

7

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். அக்கா உள்ளே போய் வெகு நேரம் ஆகிவிட்டது. கதவு மூடியே இருக்கிறது. மேசையைத் தட்டும் ஓசை கேட்கிறது, இந்த முறை தட்டுவது அக்கா. துணி மடிக்கும்போது கட்டிலைத் தட்டுவாளே, அதே தட்டு.

அவள் மகள் அழைத்தாள்.

"சித்தி, என்ன ஆச்சு? உயிர் போகுது எனக்கு."

"பாஸ்டா கண்ணு."

அந்தப் பக்கம் ஒரு அலறல். வீடே கேட்டிருக்கும். அப்புறம்: "அம்மாகிட்ட குடுங்க."

"உள்ள இருக்கா."

"தேர்வுதான் முடிஞ்சுடுச்சே. அப்புறம் எதுக்கு உள்ள இருக்காங்க?"

சரியான கேள்வி. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வது? உன் அம்மாவை மறந்துபோன மூன்று பேரோடு சேர்ந்து, உன் அம்மா என்னை மறந்துவிட்டாள் என்றா?

கதவில் காதை வைத்துப் பார்த்தேன். அக்காவின் குரல்தான். "எனக்குத் தெரியாது சார்," என்கிறாள், அழுத்தமாக, தயக்கமே இல்லாமல். "ஆனா," என்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆனா கண்டுபிடிக்கலாம். மதிலைக் கழுவிட்டுப் போட்டுப் பாப்போம். வராததுங்களையும் தேடுவோம்." உள்ளே நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நாலு குரலில் எது டீச்சர், எது பேராசிரியர் என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

கையேடு எதிர்பார்த்தது இதுதான் போலிருக்கிறது. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கதவைத் தட்டலாம். தட்டினால் "அஞ்சு நிமிஷம்டி" என்பாள். அவளுடைய அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியும். கதையை முடிக்க அவள் வெளியே வர வேண்டும். அவள் வருகிற வழியாக இல்லை. எனக்கோ பசிக்கிறது. நத்தைகள் எதைப் பிடித்துத் திரும்பி வருகின்றன என்பதும் எனக்குத் தெரியாது. தெரியாது, அவ்வளவுதான், 'ஆனா' எல்லாம் அவர்கள் பாடு.

ஆகவே ஒரு உதவி. இவ்வளவு நேரம் கூடவே இருந்தீர்கள்; நான் கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வருகிறேன், என் இடத்தில் கொஞ்சம் உட்காருங்கள். பெஞ்சின் ஓரத்தில் உட்காராதீர்கள், ஆடும். எப்போதாவது கதவு திறந்து, விரலில் நத்தைக்குப் பொட்டு வைத்த சிவப்பு நகப்பூச்சுக் கறையோடு ஒரு அம்மா வந்து உங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு, "அட, நீ இன்னும் போகலையா?" என்று கேட்டால், அது என் அக்கா. மன்னித்துவிடுங்கள். என்ன பதில் சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.