பாதி வழியில் திரும்பியவன்

ரெங்கசாமி காகிதத்தை நம்பாதவன். அதற்குக் காரணம் இருந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டித் தேயிலை மலைக்குக் கிளம்பிய நாளில் ஓர் ஆள் ஒரு தாளை விரித்து, ரெண்டே வருஷம், அப்புறம் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று வாசித்துக் காட்டினான். இவன் பெருவிரலை மையில் அமுக்கி வைத்தான். வந்து இருபத்தோரு வருஷம் ஆகிவிட்டது. தாளில் அப்படித்தான் எழுதியிருந்ததா, அந்த ஆள் சொந்தமாகச் சேர்த்துச் சொன்னானா என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அன்றிலிருந்து எவன் எதை வாசித்தாலும் அவன் மூன்று கேள்வி கேட்பான். யாரு சொன்னது? அவன் போய்ப் பார்த்தானா? எதுக்காகச் சொல்றான்?

அப்படிப்பட்டவனுக்குப் படித்த பெண்சாதி வாய்த்தாள். பெரியாயி அவன் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்திலேயே, கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். சின்ன வயதில், ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் உபதேசியார் ஒருவரிடம் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாள். பசறைக்கும் பதுளைக்கும் நடுவில் இருந்த அந்தத் தோட்டத்தில் வாசிக்கத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான். லயத்தில் யாருக்காவது பிரசவ வலி கண்டால் ஓடிவந்து கூப்பிடுவதும் அவளைத்தான். கை நல்ல கை. ஆனால் அவளுக்கே வலி கண்ட அன்று எந்தக் கையும் இல்லை. கொழுந்து பறிக்கும் மலையில் வலி எடுத்து, லயத்துக்குத் தூக்கி வருவதற்குள் பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசுவதும் இல்லை.

பெரிய காய்ச்சல் வந்து ஆட்களை வாரிக்கொண்டு போன மறுவருஷம் ஒரு சேதி வந்தது. தோட்டத்துப் பெண்கள் சிலருக்குப் பதுளையில் ஆறு மாதம் மருத்துவச்சி வேலை பழக்கப் போகிறார்கள். வாசிப்புச் சோதனையில் தேறினால்தான் இடம். எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே தாள், ஒரே கேள்விகள். உரக்க வாசிக்க வேண்டும். மூன்று பிழை வரை பொறுப்பார்கள், நாலாவது விழுந்தால் வெளியே. வாசித்து முடித்ததும், வாசித்ததில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் ஐயா அவளைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைத் தந்து வாசிக்கச் சொன்னார். பெரியாயி ராகம் போட்டுக் கடகடவென்று ஒரு பக்கத்தை ஒப்பித்துவிட்டாள். ஒரு பிழை இல்லை. சரி, இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று அவர் கேட்டார். முழித்தாள். வாசித்தது வாயோடு போயிருந்தது, உள்ளே ஒரு சொல்கூட இறங்கவில்லை. ஐயா சிரித்துவிட்டு, மூன்று மாதம் இருக்கிறது, முடிந்தால் பார் என்றார்.

ரெங்கசாமிக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. காகிதம் ஆளைக் கொண்டுபோகும், திருப்பிக் கொண்டுவராது என்பது அவன் கண்ட உண்மை. ஆனாலும் போகாதே என்று சொல்லவில்லை. கொழுந்து மலையை நினைத்தால் அந்தச் சொல் வாயில் வரவில்லை.

புத்தகம் ஏது? ஞாயிற்றுக்கிழமை பசறையில் வாஹித் முதலாளி கடையில் சாமான் கட்டித் தரும் தாள்தான் புத்தகம். கருவாடு சுற்றிய தாள், கொத்தமல்லி சுற்றிய தாள். பெரியாயி அவற்றைத் தடவி நிமிர்த்தி, சாயங்காலம் உலை கொதிக்கும் நேரத்தில் அடுப்பு வெளிச்சத்தில் வாசிப்பாள். ரெங்கசாமி வெற்றிலையை மென்றுகொண்டு கேட்பான். கேட்பான் என்றால், நம்பாமல் கேட்பான்.

ஒரு தாளில் எண்ணெய் விளம்பரம். தடவினால் வழுக்கையிலும் மயிர் முளைக்கும் என்று வாசித்தாள். அதை விற்கிறவன் தலையில் மயிர் இருக்கிறதா என்றான். படம் போட்டிருந்தது, தலைப்பாகை கட்டியிருந்தான். அப்படியானால் இல்லை என்று தீர்ப்புச் சொன்னான். இன்னொரு தாளில் யாரோ புலியைச் சுட்ட கதை. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், சுட்டவனே சொல்கிறானா, கூடப் போனவன் சொல்கிறானா என்று குடைந்தான். பதில் சொல்ல அவள் மேல் வரிக்குப் போனாள், கீழ் வரிக்கு வந்தாள், மறுபடி மேலே போனாள். ராகம் தானாக நின்றுபோனது. பாதித் தாளோடு கதை முறிந்துவிட்டால் அவனுக்குப் பொறுக்காது. மிச்சம் எவன் வீட்டுக் கருவாட்டோடு போயிற்றோ! இருப்பதை வைத்து நீயே சொல்லு, அந்த ஆள் என்ன செய்திருப்பான், எதை வைத்துச் சொல்கிறாய் என்று விரட்டுவான்.

"கங்காணிகூட இப்புடிக் கேக்க மாட்டாருங்க" என்றாள் ஒருநாள்.

"அன்னிக்கு அந்தத் தாளக் கங்காணி இப்புடிக் கேக்காததாலதான் நாம இங்க கெடக்கோம்."

சோதனை நாள் வந்தது. தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டுவண்டியோடு அவள் போவதாக ஏற்பாடு. நான் வரமாட்டேன், எனக்கென்ன அங்கே வேலை என்று ரெங்கசாமி முதல் நாளே சொல்லியிருந்தான். விடிந்து பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் முன்னே பார்த்தால், தோளில் கம்பளியைப் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நின்றான். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி மழுங்கிவிட்டதாம், பதுளையில் புதுசு வாங்க வேண்டுமாம், கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்தானாம். பெரியாயி வண்டிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினாள்.

பதுளையில் அது ஒரு பழைய பங்களா. வந்த பெண்களை ஓர் அறையில் உட்கார்த்தி, வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தி, ஒவ்வொருத்தியாகப் பக்கத்து அறைக்கு அழைத்தார்கள். முன்னே போனவள் வாசிப்பது மற்றவர்கள் காதில் விழக் கூடாது. ஆனால் வாசிக்கும் அறையின் பின்பக்கத்து ஜன்னலைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை. அதன் கீழே கல்லில் ரெங்கசாமி உட்கார்ந்திருந்தான்.

முதல் பெண் வாசித்தாள்:

"ஓர் ஊரில் ரெங்கசாமி என்னும் குடியானவன் இருந்தான்."

இவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பேரை யாரோ தெரிந்துகொண்டே போட்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தான். அவள் மேலே வாசித்தாள்.

"ரெங்கசாமி நெல் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டான். பாதி வழியில் மழை தூறிற்று. ரெங்கசாமி வண்டியைத் திருப்பினான். வீட்டுக்கு வந்தவன் தலையைத் துவட்டாமல், தொட்டிலில் கிடந்த பிள்ளையின் நெற்றியில் கை வைத்தான். சூடு தணிந்திருந்தது. மறுநாள் ரெங்கசாமி சந்தைக்குப் போனான். அன்றும் மழை பெய்தது."

அவன் ஏன் பாதி வழியில் திரும்பினான் என்று ஓர் ஆண் குரல் கேட்டது. மழை வந்தது, அதனால் என்றாள் அவள். அடுத்தவளும் மழை என்றாள். அதற்கு அடுத்தவளும் மழைதான்.

ரெங்கசாமியின் மனசு அந்தக் கேள்வியில் ஓடவில்லை. வேறொன்று உறைத்தது. கட்டிய நாளிலிருந்து பெரியாயி அவன் பேரை வாயால் சொன்னதில்லை. அவுக என்பாள், எங்க வூட்டு ஆளு என்பாள். அந்தப் பேருடைய வேறு ஆளைக்கூட அவுக பேரு உள்ளவரு என்பாள். சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று அவள் ஆத்தா சொல்லிக் கொடுத்தது. தாளில் அந்தப் பேர் நாலு இடத்தில் இருந்தது. பிழைக்குக் கணக்கு மூன்று.

போய்ச் சொல்லலாம் என்றால் காவல்காரன் விடமாட்டான். அப்புறம் இன்னொரு நினைப்பும் வந்தது. எதற்குச் சொல்ல வேண்டும்? பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பொழுது சாயுமுன் அவள் வீட்டுக்கு வந்து உலை வைப்பாள். ஆறு மாதம் தனியாக அடுப்பை ஊத வேண்டியதில்லை. யாரும் அவனைக் குறை சொல்லவும் முடியாது.

பெரியாயி உள்ளே வந்தாள். குரலிலேயே தெரிந்தது.

"ஓர் ஊரில்..." என்று தொடங்கி நின்றாள். பிறகு, "அவுக என்னும் குடியானவன் இருந்தான்" என்றாள்.

"அவுகவோ? அப்பிடி ஒரு சொல் இதிலை எங்கை கிடக்கு?" என்றார் சோதிக்கும் ஐயா. யாழ்ப்பாணத்துப் பேச்சு. "ஒரு பிழை. வாசி."

இரண்டாவது இடத்திலும் அவுக. ரெண்டு என்றார். மூன்றாவது இடத்திலும் அவுக. குரல் தாழ்ந்துபோயிருந்தது. சாயங்காலம் சோறு போட்டுவிட்டு இவனைக் கூப்பிடுவாளே, அதே குரல். அது காதில் விழுந்ததும் ரெங்கசாமி எழுந்துவிட்டான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னலில் முகத்தைக் காட்டினான்.

"ஐயா, அது எம் பேருங்க."

பெரியாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந்தப் பேர்?"

"ரெங்கசாமிங்க. அவ எம் பொஞ்சாதி. தெரியாம விடலிங்க, செத்தாலும் அந்தப் பேரச் சொல்ல மாட்டா. அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டுப் பாருங்க."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். கோபப்பட்டாரா என்று ரெங்கசாமிக்குப் பிடிபடவில்லை. அவர் பெரியாயி பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஆஸ்பத்திரியிலை அந்தப் பேரிலை ஒரு ஆளைக் கூப்பிடவேணும் எண்டால் என்ன செய்வாய்?"

அவள் குனிந்தபடியே சொன்னாள். "பிரசவம் பாக்கத்தானேங்க பழக்கப் போறீங்க. அந்தப் பேருல எந்தப் பொம்பள வலியோட வரப்போறாங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளை உடுப்பு அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, பேர் வருகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினால் போதும், மற்றதை வாசி என்றார். இவனை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போகச் சொன்னார். ரெங்கசாமி ஓரடி தள்ளி நின்றான்.

அவள் வாசித்து முடித்தாள். அவன் ஏன் பாதி வழியில் திரும்பினான் என்ற கேள்வி வந்தது. பெரியாயி தாளுக்குத் திரும்பினாள். தாளில் விரல் மேலே போவதும் கீழே வருவதும் ரெங்கசாமிக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"மழைக்காக இல்லைங்க" என்றாள்.

"மழை எண்டுதானே கிடக்கு?"

"மழைக்குப் பயந்தவரா இருந்தா வந்ததும் தலையைத் தொவட்டியிருப்பாரு. இவரு நேரா புள்ளயத் தொட்டுப் பாக்குறாரு. மறுநாளும் மழை, அன்னிக்குப் போயிட்டாரே. புள்ளைக்குக் காய்ச்சல்னு மனசுக்குள்ள வச்சிக்கிட்டே வண்டி கட்டியிருக்காரு. தூத்தல் ஒரு சாக்கு." தாளிலிருந்து விரலை எடுத்தாள். "சில ஆம்பளைங்க அப்புடித்தாங்க. வாய்விட்டுச் சொல்லமாட்டாங்க."

தாளில் அவன் என்று இருந்தவனை அவள் அவர் ஆக்கியிருந்தாள். ஐயா அதைப் பிழையில் சேர்க்கவில்லை. இன்னும் நாலு கேள்வி கேட்டார். அதெல்லாம் ரெங்கசாமி காதில் ஏறவில்லை. அவன் மனசு அந்தத் தொட்டிலிலேயே நின்றுவிட்டது.

திரும்பும்போது வண்டியில் பெட்டி இல்லை. ஆனாலும் இருவரும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். நமுனுகுல மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி வரச்சொல்லிவிட்டார்கள் என்றாள். அவன் ம் என்றான். ஆறு மாதம், நடுவில் ஒரு தடவை அனுப்புவார்களாம் என்றாள். அதற்கும் ம். யாரு சொன்னது என்றுகூடக் கேட்கவில்லை.

ஒரு வளைவு தாண்டியதும் பெரியாயி நின்றாள்.

"ஏங்க, பதுளைக்கு எதுக்கு வந்தீங்க?"

"அதான் சொன்னேனே. கவ்வாத்துக் கத்தி வாங்க."

"கத்தி எங்க?"

ரெங்கசாமி தன் கையைப் பார்த்தான். தோளைப் பார்த்தான். கம்பளிதான் இருந்தது.

"கடை பூட்டியிருந்திச்சு."

"யாரு சொன்னது? போய்ப் பாத்தீங்களா?"

தூறல் விழத் தொடங்கியது. கம்பளியை எடுத்து அவள் தலைமேல் போட்டுவிட்டு, தன் தலையை நனையவிட்டபடி, அவள் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடந்தான்.