அத்தையைக் கண்டுபிடித்த கதை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. முன்னால் நின்றுகொண்டு "இந்த ஃபிரேம் உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்று பேசுகிறவர் வேறு ஆள். பத்தொன்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் நான் வாய் திறந்ததில்லை. அப்படிப்பட்டவனுக்குப் போயும் போயும் வம்சாவளி தேடுகிற பைத்தியம் பிடித்தது பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன். கண்டவர்களிடமெல்லாம் வாயைக் கொடுத்தால்தான் நடக்கிற காரியம் அது.

ஆரம்பித்து வைத்தது அப்பாவின் சாவு. இறப்புச் சான்றிதழுக்கு மனு எழுதும்போது தந்தை பெயர் என்ற கட்டத்தில் தாத்தாவின் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு யோசித்தால், அந்த மனிதரைப் பற்றி எனக்கு அந்தப் பெயரைத் தவிர ஒரு மண்ணும் தெரியவில்லை. அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது வேலை தேடிப் போனார், திரும்பவில்லை, அவ்வளவுதான் கதை. அப்பா அவரை "அந்த ஆளு" என்றுதான் சொல்வார். எங்கேயோ இன்னொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்திருப்பார் என்பது அப்பாவின் தீர்மானம். சாகும்வரை அதிலிருந்து அவர் இம்மியும் நகரவில்லை.

சனிக்கிழமைதோறும் ஆவணக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே பழைய பதிவேடுகளை எடுத்துத் தருகிறவருக்குத் தூசி ஆகாது. நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே இருப்பார். மனதுக்குள் அவருக்குத் தும்மலார் என்று பெயர் வைத்திருந்தேன். வாயால் கேட்கக் கூச்சப்பட்டு, வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி அவரிடம் நீட்டுவேன். மூன்று மாதம் அவர் என்னை ஊமை என்றே நினைத்திருக்கிறார். ஒரு நாள் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்து, டீ வேண்டுமா என்று சைகை காட்டினார். "குடிக்கிறேன் சார்" என்றேன். மனிதர் பாதித் தும்மலில் நின்றுவிட்டார்.

அந்த அறையில் எனக்கு நேரம் போவதே தெரியாது. எழுபது வருடத்துக்கு முந்தைய ஒரு வருகைப் பதிவேட்டில், 'தாமதம். காரணம்: செருப்பு அறுந்தது' என்று யாரோ எழுதியிருந்தார். எங்கே அறுந்தது, மீதித் தூரம் எப்படி நடந்தார், மேலதிகாரி நம்பினாரா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. லென்ஸ் தேய்க்கும்போதும் அதே நினைப்பு. அக்காவிடம் சொன்னேன். "உனக்கு முத்திப் போச்சுடா" என்றாள்.

தாத்தாவின் தகப்பன் பெயரும் பிறந்த வருடமும் முதலில் ஒரு பழைய கல்யாணப் பதிவில் அகப்பட்டன. பதினாலாவது மாதம், ரயில்வே ஊழியர் பதிவேட்டில் தாத்தாவே கிடைத்தார். அதே பெயர், அதே தகப்பன் பெயர், அதே பிறந்த வருடம். சிக்னல்மேன் வேலை. மனைவி என்ற கட்டத்தில் வேறு ஒரு பெண்ணின் பெயர். அதன் கீழே ஒரு மகள். ஆகா, அப்பா சொன்னது அப்படியே இருக்கிறதே என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அந்த மகள் உயிரோடு இருந்தால் எனக்கு அத்தை முறை.

இருந்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், மூன்றாவது மாடியில், ஒண்டிக்கட்டையாக இருந்தார். ஒரு கடிதம் எழுதினேன். எழுதி ஏழு மாதம் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுற்றினேன்.

"ஏன்டா, அந்தம்மா போய்ச் சேர்ந்தப்புறம் கொண்டு போய்க் குடுக்கப் போறியா?" என்று அக்கா பையைப் பிடுங்கிக் கடிதத்தை எடுத்துத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள். அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை. வழக்கமாகவே பேசுவதில்லை என்பதால் அவளுக்கு அது தெரியவும் இல்லை.

பதில் ஒரே வரியில் வந்தது. 'ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வரவும்.'

போனேன். தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க பாட்டி எப்படிப் பொழச்சாங்க?"

"நாலு வீட்ல பாத்திரம் தேய்ச்சாங்க. அப்பாவ அப்படித்தான் படிக்க வெச்சாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சரி, அவர் பண்ணினதுக்கு நீ என்ன பண்ணுவ? எதுக்கு அப்படிச் சுருங்கி உக்காந்திருக்க? நல்லா உக்காரு. அத்தைன்னு கூப்பிடு" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் போனேன். மூன்றாவது மாடியிலிருந்து என்னைப் பார்த்ததும், "என் அண்ணன் பையன் வந்துட்டான்!" என்று கட்டடத்துக்கே கேட்கும்படி கத்துவார். எனக்கு மானம் போகும். ஆனால் அடுத்த ஞாயிறு அந்தக் கத்தலுக்காகவே கொஞ்சம் முன்னாலேயே போய் நிற்பேன். அக்காவும் அவரும் போனிலேயே சண்டை போட்டு, போனிலேயே சமாதானமும் ஆவார்கள். பின்னறையில் பத்தொன்பது வருடம் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் நான் அவரிடம் கொட்டினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

புத்தியுள்ளவன் அத்தோடு மூட்டை கட்டியிருப்பான். எனக்கோ அரிப்பு. தாத்தா வீட்டை விட்டுப் போனதற்கும் ரயில்வேயில் சேர்ந்ததற்கும் நடுவில் பதினோரு மாதம் இடித்தது. அந்தப் பதினோரு மாதம் மனிதர் எங்கே இருந்தார்? தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. தும்மலாரிடம் சீட்டு மேல் சீட்டாக நீட்டினேன். கடைசியில் அந்த வருடத்து ஆஸ்பத்திரிக் காய்ச்சல் வார்டுப் பதிவேட்டைக் கொண்டு வந்து போட்டார்.

அதில் தாத்தா இருந்தார். அதே பெயர், அதே தகப்பன் பெயர். வயது இருபத்தாறு. மனைவி என்ற கட்டத்தில் எங்கள் பாட்டியின் பெயர், எங்கள் பழைய வீட்டு முகவரி. சேர்ந்த ஒன்பதாம் நாள் இறந்திருக்கிறார். பக்கத்தோடு ஒரு தபால் உறை குத்தியிருந்தது. பாட்டிக்கு ஆஸ்பத்திரி எழுதிய கடிதம், 'குடிபெயர்ந்துவிட்டார்' என்ற குறிப்போடு திரும்பி வந்திருந்தது. தாத்தா கிளம்பிப் போன பிறகு பாட்டி தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள் என்பது எனக்கே தெரியும்.

வம்சம் தேடித் திரிகிறவர்கள் மட்டும் செய்கிற முட்டாள்தனம் இது. தேடின பெயர் அகப்பட்டதும் பக்கம் புரட்டுவதை நிறுத்திவிடுவோம். அந்தப் பெயரில் அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேர் இருந்திருப்பார்கள். தகப்பன் பெயரும் பிறந்த வருடமும் ஒத்துப்போக ஒரு ஆள் கூடவா இருக்க மாட்டார்? ஒரு கணம் கூட எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

அப்பாவை நினைத்து அங்கேயே அழுதேன். காய்ச்சல் வார்டில் யாருமில்லாமல் செத்துப்போன ஒரு சின்ன வயசு மனிதரை, அப்பா தன் ஆயுள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். தும்மலார் டீ கொண்டு வந்து வைத்தார். பாதி டீயில்தான் அடுத்தது உறைத்தது. இவர் என் தாத்தா என்றால், அத்தை எனக்கு யாரோ.

அக்காவிடம் சொன்னேன். முதல் தடவையாக அவளுக்குக் குரல் இறங்கியது. "சொல்லாதடா. யாருக்கு என்ன நஷ்டம்? அவங்களுக்கு நம்மள விட்டா யாரு? நமக்குத்தான் யாரு?"

மூன்று ஞாயிறு வாயை மூடிக்கொண்டு போய் வந்தேன். "அண்ணன் பையன்" என்று அவர் கத்தும்போதெல்லாம் திருடனைப் போல மாடி ஏறினேன். நாலாவது ஞாயிறு முடியவில்லை. சொல்ல வாய் வராமல், இரண்டு பதிவேடுகளின் நகலையும் அவர் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது ரெண்டு ஆளு."

"ஆமா."

"அப்ப எங்கப்பா?"

"உங்கப்பாவுக்கு ஒரே குடும்பந்தான். நீங்களும் உங்கம்மாவும்."

"யாரையும் விட்டுட்டு வரலையா?"

"வரல. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

விருட்டென்று எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. முடிந்தது கதை என்று வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினேன்.

திரும்பி வந்தவர் கையில், பழைய துண்டில் சுற்றிய, சட்டம் போட்ட ஒரு படம் இருந்தது. துண்டைப் பிரித்தார். சீருடையில், தொப்பி கொஞ்சம் கோணலாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற ஒரு மனிதர்.

"ஒரு வருஷமா இவரத் துணிக்கு அடியில போட்டு வெச்சிருந்தேன். ஒரு பொம்பளையையும் கைக்குழந்தையையும் நடுத்தெருவுல விட்டுட்டு வந்து, என்ன மட்டும் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சிருக்காரேன்னு இவர் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. ஒரு வருஷம்டா. நல்ல மனுஷன."

இவருக்கு ஒரு உறவைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டதாக வருடம் முழுக்கப் பெருமைப்பட்டிருக்கிறேன். கூடவே எதைப் பறித்தேன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் குடைந்து குடைந்து கேட்கிறவன், அதைக் கேட்கவில்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றேன்.

"என்னது, மேடமா?" புடவைத் தலைப்பால் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து முறைத்தார். கண் நிறைந்திருந்தது. "எங்கப்பா அப்படிப்பட்டவர்னு நெனச்சப்பவும், போகட்டும், அண்ணன் பையன் ஒருத்தன் கெடச்சானேன்னு இருந்தவ நான். இப்ப அவர் நல்லவர்னு ஆனதும் நீ கெளம்பிடுவியா? செருப்பக் கழட்டு. அந்த ஸ்டூல எடுத்துட்டு வா."

கழற்றினேன். ஸ்டூலைச் சுவரோரம் போட்டு, ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் மெதுவாக ஏறி, சட்டத்தை ஆணியில் மாட்டி, கோணலைச் சரி செய்தார்.

"கோச்சுக்காதீங்கப்பா" என்றார் படத்திடம். "பையன் தப்பா வந்துட்டான். ஆனா திருப்பி அனுப்ப மனசு வரல."

"பாத்து எறங்குங்க அத்தை" என்றேன்.