பொத்தான் சாவு

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கிருஷ்ணராஜைப் போல அடிக்கடி செத்தவர் யாரும் கிடையாது. சிங்களப் படமோ தொலைக்காட்சி நாடகமோ, கதைக்குள் யுத்தம் வந்துவிட்டால் போதும், கொழும்பிலிருந்து அவருக்கு அழைப்பு வந்துவிடும். விடுதலைப் புலியாக வருவார். தமிழில் இரண்டு வார்த்தை கத்துவார். சுடப்பட்டு விழுவார். கதாநாயகன் அவரைத் தாண்டிக்கொண்டு ஓடுவான். அவ்வளவுதான், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஆனால் அவர் சாகிற விதம் தனி. மற்ற நடிகர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவார்கள். இவர் சத்தமே போடமாட்டார். மெல்ல உட்காருவார், சாய்வார், பிறகு வலது கையால் சட்டைப் பொத்தானைத் தேடுவார். பொத்தான் கிடைக்கும், துளை கிடைக்காது. மறுபடி தேடுவார். தேடிக்கொண்டே இருக்கும்போது கை நின்றுவிடும். எந்த இயக்குநரும் இதை எழுதிக் கொடுத்ததில்லை, யாரும் வேண்டாம் என்று சொன்னதுமில்லை.

லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிப் போனது. கள்ளன் பொலிஸ் விளையாடினாலும் சரி, சுடப்பட்டவன் பொத்தானைத் தேடித்தான் சாக வேண்டும். தேடாமல் விழுந்தவன் சாகவில்லை என்று தீர்ப்பு. டீசேர்ட் போட்ட பயல்கள் இல்லாத பொத்தானை நெஞ்சில் தேடிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரிக்காத ஒரே ஆள் கிருஷ்ணராஜின் மகள் விதுஷா. பண்டாரவளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சருக்கு அப்பா இப்படிச் சந்தி சிரிக்கச் சாவது பெரிய மானக்கேடாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அதைவிடப் பெரிய மானக்கேடு உலகத்தில் இல்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில், கூடப் படிப்பிக்கிற றுஸைனா டீச்சர் ஃபோனை நீட்டினாள்.

"விதுஷா, இது உங்கட வாப்பா தானே?"

ஒரு சிங்களத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் துண்டு அது. யுத்த காலத்தில் படையில் இருந்து, பிறகு நடிக்க வந்தவர்களைப் பற்றிய நிகழ்ச்சி. ஒருவர் கடற்படை, ஒருவர் கமாண்டோ. மூன்றாவதாக அப்பா. முதலில் புலி வேஷத்தில் பொத்தானைத் தேடும் காட்சி. அடுத்து ஒரு பழைய புகைப்படம். மீசை முளைக்காத முகம், ஆமிச் சீருடை, கையில் துவக்கு. சந்தேகப்பட இடமில்லை. காதுகூட அப்பாவின் காதுதான்.

விதுஷா அந்தத் துண்டைத் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தீபனின் வீட்டார் கல்யாண நாள் குறிக்க வருகிறார்கள். பார்த்தீபன் பதுளையில் வங்கியில் வேலை செய்கிறவன். அவனுடைய அப்பா பரமலிங்கம் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், அம்மா ஜெயமலர். யாழ்ப்பாணத்து ஆட்கள், பதுளைக்கு வந்து காலம் ஆகிவிட்டது. தோட்டத்துப் பெண்ணா என்று முதலில் இழுத்தார்கள். பார்த்தீபன் பிடிவாதமாக நின்று சம்மதிக்க வைத்தான். ஜெயமலரின் ஒரே தம்பி புலிகள் இயக்கத்துக்குப் போனவன். திரும்பி வரவில்லை, செத்தான் என்ற செய்தியும் வரவில்லை. அவன் பிறந்த நாளுக்கு அந்த அம்மா இன்றைக்கும் அவனுக்குப் பிடித்த கறி சமைக்கிறாள் என்று பார்த்தீபன் சொல்லியிருந்தான். இதை விதுஷா தன் வீட்டில் சொல்லவில்லை. எதற்கு வீணாக ஒரு பேச்சு என்று மறைத்துவிட்டாள்.

பதுளை பஸ்ஸில் அவள் ஃபோனை வெளியே எடுப்பதும் பைக்குள் போடுவதுமாக இருந்தாள். பார்த்தீபன் இரண்டு தடவை அழைத்தான். எடுக்கவில்லை. சிக்னல் இல்லை என்று ஒரு பொய்யை அனுப்பினாள். சிக்னல் இல்லாமல் அந்தச் செய்தி மட்டும் எப்படிப் போகும் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. பதுளையில் இறங்கி ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்குப் போகாமல், ஏறி வந்த பஸ்ஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் கிருஷ்ணராஜ் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். விதுஷா பையைக்கூட இறக்கவில்லை. படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது யாருப்பா?"

அவர் தூரிகையை வாளியில் வைத்துவிட்டுக் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

"அதுக்குள்ள போட்டுட்டாங்களா? நம்மாளுக அந்த சேனல பார்க்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அப்ப இது உண்மையா? கொழும்புல ஹோட்டல்ல வேலை செஞ்சேன்னு சொன்னதெல்லாம்?"

"வயசு இருவது புள்ள. காலைல பேர் குடுக்க பெரட்டுக்குப் போனா வேல இல்லன்னு திருப்பி அனுப்புறாங்க. பக்கத்து கிராமத்து சந்திரதாச ஆமிக்கு போனான், அவன் கூட நானும் போயிட்டேன். மூணு வருசம். அப்புறம் கால்ல அடிபட்டு வந்துட்டேன்."

உள்ளே அடுப்படியிலிருந்து அம்மா விஜயலெட்சுமியின் குரல் வந்தது.

"ஹோட்டல்ல கறிச் சட்டி கால்ல ஊத்திருச்சுன்னாரு. கறி ஊத்துனா காலுல ஓட்ட விழுமா? கட்டுன அன்னைக்கே எனக்கு தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"வேற என்னா செய்ய சொல்ற? தமுக்கு அடிக்கவா?"

விதுஷாவுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. ஆமியில் இருந்தது ஒரு கோபம், சொல்லாமல் இருந்தது இன்னொரு கோபம். அதையும் ஊரறியக் கேமரா முன்னால் உட்கார்ந்து சொன்னது எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம். தன் கல்யாணம் இந்த மனிதரின் வாயில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். யாராவது கேட்டால், அந்தப் படம் ஏதோ நாடகத்துக்குப் போட்ட வேஷம் என்று சொல்ல வேண்டும்.

"சொல்லுவீங்களா?"

"நடிக்கிறது தானே என் தொழிலு. சொல்றேன்."

சனிக்கிழமை முழுக்க அவள் அவருக்கு ஒத்திகை வைத்தாள். கேமரா முன்னால் எத்தனையோ பேரை நம்பவைத்த மனிதர், வீட்டுக்குள் நின்று ஒரு சின்னப் பொய்யை ஒழுங்காகச் சொல்லமாட்டேன் என்கிறார். ஒருமுறை "வேஷம்" என்பதற்குப் பதில் "வருசம்" என்றார். ஒருமுறை சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பிள்ளைகள் வெளியே டுமீல் டுமீல் என்று சுட்டுக்கொண்டு விழுந்தார்கள். அவள் வாசலுக்குப் போய் அவர்களை விரட்டினாள். அவர்கள் அடுத்த லயத்துக்குப் போய் அங்கே செத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வேன் வந்தது. மலையில் மூட்டம் இறங்கியிருந்தது. ஜெயமலர் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு இறங்கி, "பதுளையை விட இஞ்சை சரியான குளிர்" என்றாள். பார்த்தீபன் விதுஷாவைப் பார்த்து, ஏன் ஃபோன் எடுக்கவில்லை என்று கண்ணால் கேட்டான். அவள் தேநீர் எடுக்கப் போகிறவள் போல உள்ளே போய்விட்டாள்.

பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. பரமலிங்கம் கலகலப்பான மனிதர். ஆமிப் படத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் அறிந்ததாகத் தெரியவில்லை. விதுஷாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கோயிலா மண்டபமா, சமையலுக்கு வெலிமடையிலிருந்து மரக்கறி எடுப்பதா என்றெல்லாம் போய், விஜயலெட்சுமி வழமையாக எல்லாரும் கேட்கிற ஒன்றைக் கேட்டாள்.

"மாப்பிள்ளைக்கு தாய்மாமன் யாருங்க? மாலை போட, மரியாதை செய்ய, அவங்களுக்கும் நாங்க முறையா வந்து சொல்லணும்ல?"

பார்த்தீபன் தரையைப் பார்த்தான்.

"இருக்கிறான்" என்றாள் ஜெயமலர். "ஒரு தம்பி. எங்கை எண்டுதான் தெரியாது. வன்னியிலை மாங்குளத்துப் பக்கம் கண்டதாக ஒருக்கால் ஆரோ சொன்னவை. அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை."

கிருஷ்ணராஜ் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். பரமலிங்கம் பேச்சை மாற்ற அவசரப்பட்டார்.

"அதை விடுங்கோ. உங்கடை படங்கள் நான் விடாமல் பாக்கிறனான். அந்தப் பொத்தான் தேடுறது இருக்கெல்லே, உண்மையாய்ச் சாகிற மாதிரி அச்சொட்டாய் இருக்கும். எந்த டைரக்டர் பழக்கினவர்?"

இதைவிடச் சுலபமான கேள்வியைக் கடவுளே வந்தாலும் கேட்க முடியாது. ஏதாவது ஒரு சிங்களப் பெயர் போதும். சொல்லுங்கப்பா, சொல்லித் தொலைங்க என்று விதுஷா மனதுக்குள் கத்தினாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு ஜெயமலரைப் பார்த்தார்.

"யாரும் பழக்கலைங்க. பார்த்தது."

"அப்பா!"

"இரு புள்ள." அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். "நான் ஆமில இருந்தவன்ங்க. மூணு வருசம். எம் மகளுக்கே முந்தாநாளு தான் தெரியும். அவ மேல கோவிக்காதீங்க. மாங்குளத்துல தான் இருந்தேன்."

பார்த்தீபன் எழுந்து நின்றுவிட்டான். பரமலிங்கம் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஜெயமலர் அசையவில்லை.

"சொல்லுங்கோ" என்றாள்.

"ஒரு நாளு சண்ட முடிஞ்சு பார்க்க போனோம். புதருக்கு பக்கத்துல ஒரு பையன் கெடந்தாரு. உசுரு இருந்துச்சு. சட்ட பொத்தானெல்லாம் தொறந்து கெடக்கு. அத போட பார்க்குறாரு. வெரலு வரல. உங்க தம்பின்னு நான் சொல்லலங்க. முகம் கூட இப்ப சரியா ஞாபகம் இல்ல. பேரு தெரியாது, ஊரு தெரியாது."

"நீங்களோ சுட்டனீங்கள்?"

"எல்லாரும் சுட்டோம். யாரு குண்டுன்னு தெரியாதுங்க. என்னுது இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

அம்மா அடுப்படி வாசலில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். விதுஷாவுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று பட்டது. ஒரு பெயர், ஒரே ஒரு பெயர் சொல்லியிருந்தால் போதும். அப்பாவை அவள் அந்த நிமிடம் வெறுத்தாள்.

"ஏதும் கதைச்சவனோ?" ஜெயமலரின் குரல் மிகவும் சன்னமாக இருந்தது.

"குளிருதுன்னாரு."

"மாங்குளத்திலையோ?"

"நல்ல வெயிலுங்க. நின்னா காலு சுடும். அந்த வெயில்ல குளிருதுன்னாரு. தமிழ்ல சொன்னது எனக்கு மட்டும் தான் வெளங்குச்சு. நான் குனிஞ்சு பொத்தானை போட்டு விட்டேன். கழுத்து வரைக்கும் போட்டேன். அப்புறம் தான் அவரு கை நின்னுச்சு."

ஜெயமலர் எழுந்து வெளியே போனாள். மகனும் கணவனும் பின்னால் போகப் பார்த்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வேனுக்குப் போய் ஏறப் போகிறாள் என்றுதான் விதுஷா நினைத்தாள். அவள் ஏறவில்லை. தேயிலையைப் பார்த்தபடி, புதுச் சுண்ணாம்புச் சுவரோரம் வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது ஸ்வெட்டரின் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. கண் சிவந்திருந்தது. உட்காராமல் கிருஷ்ணராஜின் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தப் பொத்தான் தேடுற படம் நானும் பாத்தனான். இவருக்குத் தெரியாது. படத்திலை ஒருத்தரும் பொத்தானைப் பூட்டிவிடுறேல்லை. தாண்டிக்கொண்டு போகினம்."

"அப்படித்தாங்க எடுக்குறாங்க. தெரிஞ்சவங்க யாராச்சும் பார்த்தா, இப்படித்தான் போனாருன்னு தெரிஞ்சுக்கட்டும்னு நான் பாட்டுக்கு அத செஞ்சுக்கிட்டு இருந்தேன். வேற எங்க போய் சொல்றதுன்னு எனக்கு தெரியலைங்க."

"இனிமேல் ஆரையாவது பூட்டிவிடச் சொல்லுங்கோ. அப்பிடித் தேடித் தேடிக் கிடக்கிறதை என்னாலை பாக்கேலாமல் கிடக்கு."

"சொல்றேங்க" என்றார் கிருஷ்ணராஜ். அவர் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது விதுஷா பார்த்தது அதுதான் முதல் தடவை. அது திரையில் மற்றவர்கள் அழுவதைப் போலவே இல்லை, மிகவும் அலங்கோலமாக இருந்தது.

ஜெயமலர் ஆறிப்போன தேநீரை எடுத்து விதுஷாவிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் சூடாக்கித் தாரும் பிள்ளை. கல்யாண நாளைப் பாத்திட்டுப் போவம்."

ஆவணியில் நாள் வைத்தார்கள். பார்த்தீபன் அன்றைக்குக் கிருஷ்ணராஜோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேனில் ஏறும்போது தலையை மட்டும் ஆட்டினான். அது சரியாக இன்னும் நாள் எடுக்கும் என்று விதுஷாவுக்குத் தெரிந்தது. கல்யாணத்தில் தாய்மாமன் இடம் வெறுமையாக இருக்கட்டும் என்று ஜெயமலர் சொல்லிவிட்டாள். வேறு யாரையும் அதில் நிறுத்த வேண்டாம்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. இன்னொரு யுத்தப் படம், இன்னொரு சாவு. அப்பா வாசலில் நின்று சிங்களத்தில் பேசுவது உள்ளே கேட்டது. இயக்குநர்களிடம் சரி சேர், சரி சேர் என்பதைத் தவிர வேறு பேசி விதுஷா கேட்டதில்லை. இன்றைக்கு அவர் வேறு பேசினார். தாண்டி ஓடுகிறவர்களில் ஒருவன் நிற்க வேண்டும், குனிந்து பொத்தானைப் போட்டுவிட வேண்டும், அப்படியென்றால்தான் வருவேன் என்றார். மறுபக்கத்தில் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பா சிரிக்கவில்லை. சிரிப்பு முடியும் வரை பொறுத்திருந்து, மறுபடி முதலிலிருந்து அதையே சொன்னார்.

ஃபோனை வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன சொல்றாங்கப்பா?"

"யோசிச்சு சொல்றாங்களாம்" என்றார். வெளியே மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. விதுஷா கொடியிலிருந்து அவருடைய சட்டையை எடுத்து வந்து போட்டுவிட்டாள். கீழிருந்து கழுத்து வரைக்கும் பொத்தான்களை அவளே பூட்டினாள்.