மூன்றை நெருங்கும்போது

அன்றைய நான்காவது வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தபோது ஹைமாவதிக்குத் தொண்டை போயிருந்தது. நான்கு வகுப்பிலும் அதே பாடம், அதே கணக்கு, நடுவில் பிள்ளைகள் தூங்காமலிருக்கச் சொல்லும் அதே ஜோக். எக்ஸ் இரண்டை நெருங்கும்போது, எக்ஸ் இரண்டை நெருங்கும்போது என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி, அது ஒரேயடியாக இரண்டில் போய் விழுந்து தொலைந்தால் தேவலை என்று ஆகிவிட்டது. விஜயவாடாவின் விடுதிக் கல்லூரிகளில் இன்டர் முதலாண்டு, அதாவது பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு எல்லைகள் என்ற பாடத்தை யாரும் நடத்துவதில்லை, ஓட்டுகிறார்கள். எண்ணைப் போட்டுப் பார், மேலும் கீழும் பூஜ்யம் வந்தால் காரணிப்படுத்து, பொதுவானதை அடி, மறுபடி போடு, விடை. பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் செய்வார்கள். பாதிப் பேர் தூக்கத்தில்தான் செய்தார்கள்.

ஒரு எண்ணை இடப்பக்கமிருந்தும் நெருங்கலாம், வலப்பக்கமிருந்தும் நெருங்கலாம், இரண்டு வழியிலும் ஒரே இடத்துக்கு வந்தால்தான் எல்லை உண்டு என்பது புத்தகத்தில் இருக்கிறது. தலைமை அலுவலகம் அனுப்பும் அட்டவணையில் அதற்கு நேரம் இல்லை. அதனால் ஹைமாவதி தன் பொறுப்பிலிருந்த சி-4 பிரிவில், வர்க்கமூலத்துக்குள் வர்க்கம் வந்தால் இரண்டையும் அடித்துவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக் கூடாதென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்தப் 'பிறகு' இந்தக் கல்லூரியில் எவருக்கும் வந்ததில்லை.

பக்கத்து சி-5 பிரிவை எடுத்த ஏடுகொண்டலு வேறு மாதிரி ஆள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன். அதனால்தானோ என்னவோ, கணக்கு என்றால் கணக்காகவே இருக்க வேண்டும் என்று நினைத்தான். பிள்ளைகளை இரண்டு புள்ளி ஒன்பதிலிருந்து மூன்றை நோக்கி நடக்க வைத்தான், மூன்று புள்ளி ஒன்றிலிருந்து திரும்பி வர வைத்தான். இதற்கே மூன்று வகுப்பு போனது. டீன் புல்லா ராவ் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பப் போகிறாயா, பாதயாத்திரைக்கு அனுப்பப் போகிறாயா என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஹைமாவதியும் சிரித்தாள்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். மாதக் கடைசித் தேர்வில் எந்தப் பிரிவின் சராசரி அடியில் நிற்கிறதோ, அந்தப் பிரிவின் ஆசிரியர் திங்கட்கிழமை வேறு ஊர்க் கிளைக்குப் போக வேண்டும். தண்டனை என்று யாரும் சொல்லமாட்டார்கள், 'மாற்றம்' என்பார்கள். ஹைமாவதி இப்படி மாறி மாறி நெல்லூர், கர்னூல், காக்கிநாடா எல்லாம் பார்த்தவள். போன ஊரிலெல்லாம் ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு, ராத்திரி புருஷனோடு போனில் நாலு வார்த்தை. போன வருஷம்தான் விஜயவாடாவுக்கு வந்தாள். குடிவாடாவில் சொந்த வீட்டில் தூங்கி, விடியும் முன்னே பஸ் ஏறி வருகிறாள். முழங்கால் வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது, ஆனாலும் வீட்டுப் பாயில் படுக்கிறாள். அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். மூட்டையில் பாத்திரம் கட்டும் வேலை மட்டும் இனி வேண்டாம்.

அந்த மாதத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. எக்ஸ் வர்க்கத்தில் ஆறு எக்ஸ் கழித்து ஒன்பது கூட்டி, அதன் வர்க்கமூலத்தை எக்ஸ் கழித்தல் மூன்றால் வகுத்தால், எக்ஸ் மூன்றை நெருங்கும்போது எல்லை என்ன? உள்ளே இருப்பது எக்ஸ் கழித்தல் மூன்றின் வர்க்கம். அடித்துப்போட்டால் ஒன்று. சி-4 பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்று என்று குறித்தார்கள். சி-5 பிள்ளைகள் இரண்டு பக்கமும் நடந்து பார்த்து, இடப்பக்கம் கழித்தல் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஆகவே எல்லை இல்லை என்று குறித்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விடைக்குறிப்பில், அந்தக் 'கீ'யில், ஒன்று என்று போட்டிருந்தது. சரியான விடைக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழிவு. அந்த ஒரு கேள்வியில் சி-5 அடிக்குப் போனது, சி-4 அதற்கு ஒரு படி மேலே தொங்கியது. இந்த மாதம் அடியில் நிற்பவருக்கு விசாகப்பட்டினம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஹைமாவதியை டீன் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏடுகொண்டலு முன்னமே அங்கே நின்றுகொண்டிருந்தான். புல்லா ராவ் முன்பு வேதியியல் எடுத்தவர், கணக்கில் மூக்கை நுழைக்கமாட்டார்.

"மேடம், நீங்க சீனியர். ஹெட் ஆபீஸ் கீயே தப்புங்கறாரு இவரு. தோத்தவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, அதான் உங்களைக் கேக்கறேன். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே போன் பண்ணி மாத்திடறேன். அப்படி மாத்தினா உங்க செக்‌ஷன் கீழ போயிடும். அதையும் சொல்லிடணும்ல."

"அக்கா, ரெண்டு புள்ளி ஒம்பது போட்டுப் பாருங்க" என்றான் ஏடுகொண்டலு. "மேல ரூட்டு, அது மைனஸ் ஆகவே ஆகாது. கீழ மைனஸ். அவ்வளவுதான் விஷயம்."

போட்டுப் பார்க்க அவளுக்கு எதுவும் இல்லை. கேள்வித்தாளைக் கையில் வாங்கிய கணமே தெரிந்துவிட்ட விஷயம். பையன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நம்பிக்கையோடு. அந்த நம்பிக்கைதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இருபத்தைந்து வயசு, ஒரு பெட்டி, எந்த ஊருக்குப் போனால் என்ன இவனுக்கு என்று நினைத்தாள். இவன் வயசில் நான் போகவில்லையா என்று நினைத்தாள். விசாகப்பட்டினத்து விடுதி அறையும், அதன் ஒற்றை ஜன்னலும், பார்க்காமலே கண்ணுக்குத் தெரிந்தன. உடம்பு முழுக்க ஒரு அலுப்பு வந்து உட்கார்ந்தது.

"ரூட்டும் வர்க்கமும் அடிபட்டுப் போயிடும் சார்" என்றாள். "ஒண்ணுதான். கீ சரி."

புல்லா ராவ் தலையாட்டி, அடுத்த காகிதத்தை எடுத்தார். ஏடுகொண்டலு வாதாடவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் காலை அவன் கையில் பையோடு ஆசிரியர் அறைக்கு வந்தான். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். பியூனிடம்கூட, விசாகப்பட்டினம் வந்தால் கடல் பார்க்கலாம், வா என்று சொன்னான். கடைசியில் அவள் மேஜைக்கு வந்தான். அவள் டப்பாவைத் திறந்து புளிஹோராச் சோற்றை நீட்டினாள். ஒரு வாய் எடுத்துக்கொண்டான்.

"உங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதுன்னு நினைச்சிருந்தா எனக்கு இவ்வளவு கஷ்டமா இருக்காது அக்கா" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனான். அவள் டப்பாவை மூடிவைத்தாள்.

புது ஆள் வரும்வரை சி-5 பிரிவையும் அவளே எடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஒரு நாளைக்கு ஐந்தாவது வகுப்பு. உடம்பு முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தாள், யார் காதிலும் விழவில்லை. ஆனால் படியேறிப் போகும்போது அவளுக்குள் ஒன்று தோன்றியது. இந்தப் பிள்ளைகளுக்கு உண்மை தெரியும். டீன் அறையில் எதைச் சொன்னால் என்ன, கதவைச் சாத்திக்கொண்டு இவர்களுக்குச் சரியாகச் சொல்லிவிடலாம். அவன் விட்ட இடத்திலிருந்து மெதுவாக எடுக்கலாம். அப்படி நினைத்ததும் ரொம்ப நாளைக்குப் பிறகு கால் கொஞ்சம் லேசானது.

கதவைச் சாத்தினாள். எக்ஸ் வர்க்கம் கழித்தல் பத்து எக்ஸ் கூட்டல் இருபத்தைந்து, அதன் வர்க்கமூலம், கீழே எக்ஸ் கழித்தல் ஐந்து, எக்ஸ் ஐந்தை நெருங்குகிறது என்று பலகையில் எழுதித் திரும்பினாள்.

"ஒண்ணு மேடம்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

முதல் வரிசையில் மௌக்திகா என்ற பெண் இருந்தாள். அந்தப் பிரிவிலேயே கெட்டிக்காரி என்று ஏடுகொண்டலு அடிக்கடி சொல்வான். ஹைமாவதி அவளை எழுப்பினாள்.

"அவசரப்படாதம்மா. அஞ்சுக்கு இடப்பக்கம் இருந்து வந்தா என்ன ஆகும், சொல்லு."

"பக்கமெல்லாம் பாக்க வேணாம் மேடம். ரூட்டு அடிபட்டுப் போயிடும்." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "ஏடுகொண்டலு சார் சொல்லித் தந்தது தப்புன்னு நீங்க சொன்னீங்களாம். டீன் சார் வந்து சொன்னாரு. நோட்டுல அந்தப் பக்கத்தை எல்லாரும் அடிச்சிட்டோம் மேடம். இது சரிதானே?"

வகுப்பு முழுக்க அவளையே பார்த்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது சாயங்காலத்துக்குள் கீழே டீன் அறைக்குப் போய்ச் சேரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சரிதான். உக்காரு" என்றாள் ஹைமாவதி. பலகைப் பக்கம் திரும்பி, சமக்குறி போட்டு, ஒன்று என்று எழுதினாள். பின்னால் பிள்ளைகள் அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.