மஞ்சள் பனியனில் ஒரு கறை

எங்கள் அலுவலகத்துக்கு யாரும் சும்மா வருவதில்லை. வந்தால் சண்டைக்குத்தான் வருவார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் ஆர்டர் வாங்கி, திருப்பூரைச் சுற்றியுள்ள தையல் யூனிட்களுக்குப் பிரித்துக் கொடுத்து, தைத்து வாங்கி அனுப்புகிற இடம். துணி வரவில்லை, ஷேடு மாறிவிட்டது, பட்டன் உடைகிறது என்று தினம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். நான் கம்ப்யூட்டர் பக்கம் இருப்பதால் அதெல்லாம் என் காதோடு போய்விடும். என் பெயர் தேஜஸ்ரீ, ஊர் அவிநாசி. யூனிட்காரர்கள் தைத்து முடித்த சரக்கின் போட்டோக்களை அப்லோட் செய்ய எங்களிடம் ஒரு வெப்சைட் உண்டு. அந்தப் போட்டோக்களோடுதான் வெளிநாட்டுக் கம்பெனிக்கு ரிப்போர்ட் போகும். அந்த வெப்சைட்டைப் பராமரிப்பது என் வேலை.

அன்று வந்த பெண் சண்டை போடவில்லை. வரவேற்பில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "கம்ப்யூட்டரப் பாத்துக்கிற ஆளப் பாக்கணும். பாக்காம எந்திரிக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாளாம். காலையில் வந்தவளைப் பற்றி மதியம் வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் ஆள் நான்தான் என்பது எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது போலிருக்கிறது. சாப்பிடக் கிளம்பும்போது நானாகத்தான் விசாரித்தேன்.

அவள் பெயர் நதியா. வீரபாண்டியில் மகுடேஸ்வரன் என்பவரின் யூனிட்டில் செக்கிங் பார்க்கிறாள். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் ஒதுக்கிவிட்டு, நல்லதை மட்டும் பேக்கிங்குக்கு அனுப்ப வேண்டும். பிறகு போட்டோக்களை எங்களுக்கு ஏற்ற வேண்டும். பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம். அப்பா காலத்திலேயே பிழைக்க வந்துவிட்ட குடும்பம்.

"குழந்தைக பனியன்க்கா, மஞ்சக் கலரு. நான் ஏத்துனது நல்ல பீஸு போட்டோ. இப்ப ரிப்போர்ட்டத் தொறந்தா நெஞ்சுல எண்ணெக் கறையோட ஒரு பீஸு நிக்குது. வெளிநாட்டுக் கம்பெனில மொத்தச் சரக்கு லாட்டையே வேண்டாம்னுட்டாக. பாக்கத் தெரியாதவ எதுக்கு டேபிள்ல உக்காந்திருக்க, நாளைலருந்து வராதன்னு மொதலாளி எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாரு."

"வேற போட்டோவ மாத்தி ஏத்திட்டீங்களோ?" என்றேன்.

"அப்படித்தான் எல்லாரும் கேக்குறாக. அந்தக் கறை என் டேபிளுக்கு வரவே இல்லக்கா. வேல போனாப் போகட்டும், இந்த ஊருல செக்கிங் வேலைக்கா பஞ்சம்? ஆனா நதியா கறையப் பாஸ் பண்ணுவான்னு பேரு வந்துட்டா, அப்புறம் எவன் என்னைய டேபிள்ல உக்கார வைப்பான்?"

அவள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. வீரபாண்டியில் கிளம்பிய பேச்சு டீ ஆறுவதற்குள் அவிநாசிக்கு வந்துவிடும். அவளை என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு எங்கள் மேனேஜர் சிவபிரகாஷிடம் போனேன். அந்த வெப்சைட்டை ஆரம்பத்தில் எழுதியது அவர்தான். பிள்ளை பெற்ற மாதிரி அதில் பெருமை அவருக்கு.

"கம்ப்யூட்டருக்கு அந்தப் புள்ள மேல என்ன கோவமுங்க?" என்றார். "ஏத்துனதத்தான் காட்டும். வாட்ஸ்அப் குரூப்புல வந்த ஏதோ ஒன்னத் தட்டி உட்டுருக்கும்."

வேறு நாளாக இருந்தால் நானும் இதையே சொல்லி அனுப்பியிருப்பேன். ஆனால் தப்புச் செய்தவர்கள் இப்படிக் காலையிலிருந்து தண்ணீர் கூடக் கேட்காமல் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சோற்றுப் பெட்டியைத் திறக்காமலேயே சர்வருக்குள் போனேன்.

நதியா ஏற்றிய படத்தின் அளவை சர்வர் குறித்து வைத்திருந்தது. இப்போது இருக்கிற படத்தின் அளவு அதோடு ஒத்துவரவில்லை. அவள் ஏற்றியது சில நாள் முன்பு ஒரு காலையில், இந்தப் படம் வந்து உட்கார்ந்ததோ அதே நாள் பிற்பகலில். பிற்பகலில் அவள் எதையும் ஏற்றவில்லை. அந்த நேரத்தில் ஏற்றியவர் மூலனூர் யூனிட்டின் அழகுமலை. அதே ஆர்டர், அதே மஞ்சள் பனியன். ஒரே ஆர்டரை நாங்கள்தான் யூனிட்களுக்குப் பங்கு பிரித்திருந்தோம். கறை பட்ட பீஸைக் கண்டுபிடித்து ஒதுக்கியதற்கு அத்தாட்சியாக அவர் அதைப் போட்டோ எடுத்து நேர்மையாக அனுப்பியிருக்கிறார். அவர் மேலும் தப்பில்லை.

எங்கள் ஆட்கள் கேமராவிலிருந்து நேராக எதையும் ஏற்ற மாட்டார்கள். தையல் லைனில் நிற்கிறவர் படம் எடுத்து யூனிட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். செக்கிங் ஆள் அதை இறக்கித் தன் போனிலிருந்து எங்களுக்கு அனுப்புவார். வாட்ஸ்அப்போ வருகிற படத்துக்கெல்லாம் அன்றைய தேதியையும் வரிசை எண்ணையும் சேர்த்து ஒரு பெயர் வைத்துவிடும். அதனால் வீரபாண்டி போனுக்கு அன்று ஐந்தாவதாக வந்த படமும் மூலனூர் போனுக்கு ஐந்தாவதாக வந்த படமும் ஒரே பெயரோடு எங்கள் வாசலில் வந்து நிற்கும். எங்கள் சர்வர் ஓர் ஆர்டருக்கு ஒரு ஃபோல்டர் வைத்துக்கொண்டு, வந்த படத்தை வந்த பெயரிலேயே உள்ளே போட்டது. ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒன்று இருந்தால் யாரையும் கேட்காமல் அதை அழித்துவிட்டுப் புதியதை வைத்தது. ஒரே பெயர் எழுதிய இரண்டு டிபன் பாக்ஸ் வந்தால், முதலில் வந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டு இரண்டாவதை அந்த இடத்தில் வைக்கிற வாட்ச்மேனை யாராவது வேலைக்கு வைப்பார்களா? நாங்கள் வைத்திருந்தோம்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிவபிரகாஷின் அறைக்குப் போய்த் திரையைக் காட்டினேன்.

"சரி, நல்ல படத்த மாத்திப் போட்டுரு. மகுடேஸ்வரன்கிட்ட நான் பேசிக்கறேன். புள்ள தெரியாமப் பண்ணிருச்சு, மன்னிச்சு உட்டுருங்கன்னா கேட்டுக்குவாரு."

"அவங்க ஒன்னும் பண்ணலீங்களே சார்."

"இத வெளிய சொன்னம்னா நாளைக்கே எல்லா யூனிட்டும் கெளம்பி வந்துரும் கண்ணு. அந்தக் கறை எங்குளுதில்லீங்க, இந்த ஓட்டை எங்குளுதில்லீங்கன்னு. அப்புறம் ஒரு ரிப்போர்ட்டையாச்சும் நம்புவாங்களா?"

"இப்ப நம்பக் கூடாதுதானுங்க சார்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. யார் மனமும் நோகாமல் காரியத்தை முடிக்க வேண்டும் என்று நினைக்கிறவர். எங்கள் பக்கத்துக்காரர்கள் பலருக்கும் உள்ள குணம்தான் அது. நோகிறவள் அந்த அறையில் இல்லாவிட்டால் இன்னும் சுலபமாகிவிடும்.

அவர் சொன்னதை நதியாவிடம் அப்படியே சொன்னேன். வேலை திரும்பக் கிடைக்கிறதே, சந்தோஷப்படுவாள் என்று கொஞ்சம் நம்பினேன் என்பதும் உண்மை.

"என்னத்துக்குக்கா மன்னிக்கணும்?" என்றாள். "அவரு மன்னிச்சுட்டாருன்னா, நான் தப்புப் பண்ணுனேன்னு ஆயிரும்ல?"

எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. அவள் மேல் இல்லை, எங்கள் மேல்தான். இதை மகுடேஸ்வரன் கண்ணாலேயே பார்க்க வைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். அன்று மாலைக்குள் கோளாறைச் சரி செய்து வைத்தேன். வேலை பெரிதில்லை. வெளியிலிருந்து வருகிற பெயரை நம்பாதே, உள்ளே வருகிற ஒவ்வொரு படத்துக்கும் நீயே யாருக்கும் இல்லாத ஒரு பெயர் வை என்று சர்வருக்குச் சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பழைய புரோகிராமின் நகல் ஒன்றைத் தனியாக ஓட விட்டேன்.

மறுநாள் காலை, நின்றுபோன லாட்டைப் பற்றிப் பேச மகுடேஸ்வரன் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, முகத்தில் தூக்கமில்லை. நதியாவையும் வரச்சொல்லியிருந்தேன். அவளைப் பார்த்ததும் அவர் சிவபிரகாஷைப் பார்த்தார். சிவபிரகாஷ் என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை.

"ஏனுங்ணா, இன்னைக்குக் காலைல உங்க வாட்ஸ்அப்புல மொதல்ல வந்த படத்த இந்தப் பழைய புரோகிராம்ல ஏத்துங்க" என்றேன்.

இந்த ஊரில் யாருக்கும் காலையில் முதலில் வருவது காலை வணக்கப் படம்தான். அவருக்கு மச்சான் அனுப்பிய சிவன்மலை முருகன் வந்திருந்தார். ஏற்றினார். அவர் யூனிட்டின் பெயரில் ரிப்போர்ட்டைத் திறந்து காட்டியதும் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நதியா, இப்ப நீங்க உங்களுக்கு மொதல்ல வந்தத அதே ஆர்டருக்கு மூலனூர் யூனிட் பேர்ல ஏத்துங்க."

அவளுக்கு அக்கா அனுப்பிய ரோஜாப்பூவும் காப்பிக் கோப்பையும். அதுவும் போய்ச் சேர்ந்தது.

"உங்க ரிப்போர்ட்ட மறுபடித் தொறங்கண்ணா."

திறந்தார். வீரபாண்டி என்று தலைப்பு இருந்தது. கீழே ரோஜாப்பூ, காப்பிக் கோப்பை.

"ஏனுங், முருகன் எங்க போனாரு?" என்றார்.

"அழிஞ்சு போச்சுங்கண்ணா. ரெண்டு பேரு படத்துக்கும் ஒரே பேரு. பின்னால வந்தது முன்னால வந்ததத் தின்னுருச்சு. நதியா ஏத்துன நல்ல பீஸும் இப்படித்தானுங்க போச்சு. அந்தக் கறை உங்க யூனிட்டுதே இல்லீங்க."

மகுடேஸ்வரன் போனைக் கீழே வைத்தார். "இது யாரு பண்ணுன வேலைங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சிவபிரகாஷ் முந்திக்கொண்டார். "நான் எழுதுனதுங்க. இந்தத் தேஜஸ்ரீ புள்ள வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே. எல்லா யூனிட்டுக்கும், வெளிநாட்டுக் கம்பெனிக்கும் இன்னைக்கே நானே எழுதிப் போட்டுடறனுங்க." அவரோடு ஒரு வாக்குவாதத்துக்குத் தயாராக வந்திருந்தேன். அந்த வேலை மிச்சமாயிற்று. அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அப்போதே இறங்கிவிட்டது.

மகுடேஸ்வரன் நதியாவின் பக்கம் திரும்பினார். "சரி கண்ணு, நாளைக்கு வேலைக்கு வந்துரு."

"எல்லாரு முன்னாடியும் சொன்னீக மொதலாளி" என்றாள் நதியா. "இதையும் எல்லாரு முன்னாடியும் சொல்லணும்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வா, இப்பவே போலாம்."

நானும் அவருடைய காரிலேயே ஏறிக்கொண்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வீரபாண்டி யூனிட்டில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னார். தையல் மிஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. "நதியா மேல எந்தத் தப்பும் இல்லீங்க. கம்ப்யூட்டர்ல ஆன கோளாறு. விசாரிக்காம நான் பேசினதுதானுங்க தப்பு" என்றார். தான் சம்பளம் கொடுக்கிறவர்களிடம் 'ங்க' போட்டுத் தலையைக் குனிந்து சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மரியாதையாகத்தான் சொன்னார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நதியா தன் டேபிளுக்குப் போகவில்லை. நேராக குடோனுக்குப் போனாள். டேப் ஒட்டி அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளில் மேலே இருந்ததை இறக்கி, நூல் வெட்டும் டிரிம்மரால் டேப்பைக் கிழித்தாள்.

"என்ன பண்றீங்க நதியா?"

"எல்லாப் பெட்டியையும் பிரிச்சுப் பாக்கணும்க்கா."

"அதான் உங்க மேல தப்பில்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுருச்சுங்களே?"

"எல்லாருக்கும் தெரிஞ்சுருச்சு." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆனா அவரு சொன்னதுலருந்து, ஒருவேள நாந்தான் பாக்காம விட்டுட்டனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுருச்சுக்கா. வெளிய அடிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தேன். படுத்தா அந்தக் கறைதான் வந்து நிக்குது."

அவளுடைய வேலையையும் பேரையும்தான் பறித்தோம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவள் தன்னையே நம்பாத அளவுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறோம்.

பேக்கிங் ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஒட்டிய பெட்டியைப் பிரித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? மகுடேஸ்வரன் வாசலில் நின்று கையைக் காட்டி அவர்களை அடக்கினார். வீரபாண்டியின் பங்கு பெரிய லாட் இல்லை. செக்கிங் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் பாலிதீன் கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தோம், திரும்ப மடித்து வைத்தோம். பார்ப்பதை மட்டும் அவள் யாருக்கும் விடவில்லை. முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, அக்குள், உள்தையல். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து மறுபடி ஒரு தடவை. அவசரப்படவே இல்லை.

கடைசிப் பெட்டி முடியும்போது வெயில் இறங்கிவிட்டது. கடைசி பனியனை அவளே மடித்து உள்ளே வைத்து, டேப் ஒட்டி, அதன் மேல் கையால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். எங்கள் அலுவலகத்தில் பட்டினி கிடந்தபோதும், முதலாளிக்கு நேராக நின்று பேசியபோதும் கலங்காதவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள்.

"ஒன்னு கூட இல்லக்கா" என்றாள்.

"ஒன்னு கூட இல்லீங்க" என்றேன்.