தேநீர் அருந்திய வகையில் ஏற்பட்ட தாமதம்

கிளாடிஸுக்கு அலுவலகத்தில் 'கெடு மேடம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கோயமுத்தூர் மண்டல எண்ணெய்த் தர ஆய்வு அலுவலகத்தில் பதினைந்து வருடமாக மேல்முறையீட்டு மேசைதான் அவளுடைய ராஜ்ஜியம். மண்டலத்தில் எந்த ஊழியராவது தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று சென்னைக்கு எழுதினால் அந்த மனு முதலில் அவளிடம்தான் வரும். உத்தரவு கைக்குக் கிடைத்து இரண்டு மாதத்துக்குள் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். தாண்டியிருந்தால், தாமதத்துக்குக் காரணம் கேட்டு ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதுவாள்.

எல்லோரும் எழுதி அனுப்புகிற காரணம் மஞ்சள் காமாலை. கெடு முடிகிற வாரத்தில் இந்த இலாகாவில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் காமாலை வந்துவிடுகிறது என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "ரெண்டு மாசம் குடுத்தும் ஒரு காகிதத்தைக் குடுக்க முடியாதவங்க எல்லாம் என்னத்த நியாயம் கேக்கறாங்களோ!" என்பாள் கணவன் ஸ்டீவிடம்.

அப்படிப்பட்ட கிளாடிஸ் தன் சொந்த மேல்முறையீட்டில் கெடுவைக் கோட்டை விட்டாள். காமாலை கீமாலை எதுவும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, ஒரு கிலோ எடையும் கூடியிருந்த நிலையில் கோட்டை விட்டாள்.

விஷயம் இதுதான். ஆய்வாளராகப் பதவி உயர வேண்டுமானால் இரண்டு வருடம் வெளிக்களப் பணி செய்திருக்க வேண்டும். காங்கேயம், பெருந்துறை என்று எண்ணெய் ஆலைகளுக்குப் போய்ச் சாம்பிள் எடுக்கிற வேலை. இலாகாத் தேர்வில் கிளாடிஸ் முதலிடம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தப் பணி வேறு யாருக்காவது போனது. கடைசியாகப் போனது சுரேந்தருக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனுக்குத் தேங்காய் எண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்ததே கிளாடிஸ்தான். பெண் என்பதற்காக ஒதுக்குகிறார்கள் என்று அவள் புகார் கொடுத்தாள். அலுவலகத் தலைவர் திருமூர்த்தி, 'பெண் ஊழியரின் பாதுகாப்பையும் வசதியையும் கருதியே இம்முடிவு' என்று அந்தப் புகாரைத் தள்ளுபடி செய்தார்.

இனி சென்னைக்கு மேல்முறையீடு. ஆனால் அதை உரிய வழியாக அனுப்ப வேண்டும். உரிய வழி என்றால், திருமூர்த்தியின் மீதான மனுவைத் திருமூர்த்தியின் கையிலேயே கொடுத்து, அவருடைய கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும்.

வேறு ஊராக இருந்தால் இதில் ஒன்றும் சிரமம் இருந்திருக்காது.

முதல் தடவை மனுவை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனபோது திருமூர்த்தி எழுந்தே நின்றுவிட்டார். "வாங்கம்மணி, வாங்க. உக்காருங்க. என்ன, முகமெல்லாம் வாடிக் கெடக்குது? அங்கப்பா! அம்மணிக்கு இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீ!"

அங்கப்பன் டீ கொண்டுவந்தான். கூடவே ஒரு தட்டில் தேங்காய் பன். ஒருவர் வாங்கிக்கொடுத்த பன்னை மென்றுகொண்டே 'நீங்கள் எனக்கு அநீதி இழைத்தீர்கள்' என்று எப்படிச் சொல்வது? கிளாடிஸ் பன்னை முடித்தாள். அவள் மகன் படிப்பைப் பற்றி அவர் விசாரித்தார், சொன்னாள். எழுந்து வந்தாள். மனு கோப்புக்குள்ளேயே இருந்தது.

"குடுத்தாச்சா?" என்றான் ஸ்டீவ் அன்று மாலை. காந்திபுரத்தில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன் அவன். எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்காமல் நம்ப மாட்டான்.

"நாளைக்குக் குடுத்துக்கலாமுங்க. இன்னைக்கு டீ குடுத்துட்டாரு."

"டீ குடுத்தா?"

"டீ குடுத்தவர்கிட்ட உடனே எப்படிங்க நீட்டறது?"

இரண்டாவது தடவை போனபோது அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். "சர்க்கரை ஏறிப்போச்சுங்க அம்மணி. உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெய்யுங்க" என்றார், கண் கலங்க. கிளாடிஸ் அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி விண்ணப்பம் செய்யவைத்தாள். சபையே எழுந்து நின்று ஜெபித்தது. கிளாடிஸும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உருக்கமாக ஜெபித்தாள். பைக்குள் அந்த அம்மாவின் மகனுக்கு எதிரான மனு மடங்கிக் கிடந்தது. அடுத்த வாரம் அம்மா குணமாகி வீடு திரும்பினார். திருமூர்த்தி அதற்கு நன்றி சொல்லி ஒரு டீ வாங்கிக்கொடுத்தார்.

"ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பித் தொலைய வேண்டியதுதானே, அம்மணி?" என்றான் ஸ்டீவ்.

"பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கற மனுசனுக்குத் தபால்ல அனுப்பினா என்ன நெனைப்பாரு?"

"நீ அவரு மேல புகார் குடுக்கறேன்னு நெனைப்பாரு."

"விளையாடாதீங்க."

"விளையாடறது நானில்ல, உங்க சாரு. அந்தாளு தெரிஞ்சேதான் டீ ஊத்தறாரு."

"சேச்சே! தங்கமான மனுசனுங்க. எனக்குக் களப்பணி குடுக்கலையே தவிர, வேற ஒரு குறை சொல்ல முடியாது."

சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவளுக்கே கொஞ்சம் இடித்தது. ஆனாலும் திருத்திக்கொள்ளவில்லை.

கெடு முடிகிற நாள் வியாழக்கிழமை. அதை அவள் மறந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கெடு மேடம் கெடுவை மறப்பாளா? ஆனால் புதன்கிழமை திருமூர்த்தி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அவள் மேசைக்கே வந்துவிட்டார். "நாளைக்குப் பேத்திக்குக் காதுகுத்துங்க. காங்கேயம் தோட்டத்துல வெச்சிருக்கறோம். ஆபீஸ் மொத்தமும் வந்துபோடோணும். நீங்க வரலீன்னா எனக்குச் சோறு எறங்காதுங்க அம்மணி."

அவருக்குச் சோறு இறங்க வேண்டுமே என்று கிளாடிஸ் போனாள். மனுவும் கூடவே வந்தது. எப்படியாவது ஒரு ஓரமாகக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். பந்தியில் அவர் தானே வந்து அவள் இலையில் இரண்டாம் முறை பாயசம் ஊற்றினார். ஆஸ்பத்திரியிலிருந்து மீண்ட அம்மா அவள் கன்னத்தைத் தடவி, "எனக்கோசரம் சாமி கும்பிட்ட புள்ளைங்களா இது?" என்று கேட்டார். காது குத்திய குழந்தை வீறிட்டு அழுதது. கிளாடிஸுக்கும் அழ வேண்டும் போலத்தான் இருந்தது. தேங்காய், பழம், மஞ்சள் பை சகிதம் வேனில் கோயமுத்தூர் வந்து இறங்கியபோது அலுவலகம் பூட்டியிருந்தது.

மறுநாள் காலை ஓடினாள். உட்காரவில்லை. மனுவை நீட்டினாள்.

திருமூர்த்தி அன்றைக்கு டீ சொல்லவில்லை. மனுவை இரண்டு கைகளாலும் வாங்கினார். வழக்கமாகப் பேனாவைத் தேடுகிற மனிதர், அன்று சட்டைப்பையிலிருந்து சட்டென்று எடுத்தார். கையெழுத்துப் போட்டு, தேதியை மட்டும் அச்சடித்தாற்போல் நிதானமாக எழுதினார்.

"ஒரு நாள் தாண்டிப்போச்சுங்களே, அம்மணி" என்றார். குரலில் அவ்வளவு அக்கறை. "நேத்தே குடுத்திருக்கலாமுல்ல?"

கிளாடிஸ் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதமாகக் குடித்த அத்தனை டீயும் ஒன்றாக நெஞ்சுக்கு ஏறியது. கோபம் வந்தது உண்மை. ஆனால் அதில் பாதிக்கு மேல் அவள் மீதே வந்தது. ஒரு காகிதத்தைக் கொடுக்க முடியாதவங்க என்று எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்! விதிப்படி அவளுடைய மனுவும் அவளுடைய மேசைக்கே வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று தன்னையே கேட்டுக் குறிப்பு எழுதினாள். பிறகு, 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று தானே பதிலும் எழுதி அனுப்பினாள்.

சென்னையிலிருந்து பதில் வந்தது. காணொளியில் விசாரணை, தாமதத்துக்கான காரணத்தை நேரில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டால்தான் மேல்முறையீடு உள்ளே போகும். இல்லாவிட்டால் அத்தோடு முடிந்தது. அடுத்த களப்பணி வாய்ப்பு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

ஸ்டீவ் ஒரு மருத்துவச் சான்றிதழோடு வந்தான். சபையில் தெரிந்த டாக்டர் கொடுத்தது. நோய் என்னவென்று கிளாடிஸ் பார்த்தாள்.

"காமாலையா!"

"வேற எதுவும் அவருக்கு எழுதத் தெரியலீன்னாரு. பையில வெச்சுக்கோ. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்." கொஞ்ச நேரம் கழித்து, "நீ சாம்பிள் பாட்டிலைத் தூக்கிட்டு மில்லு மில்லா அலையறதைப் பாக்கோணும்னு எனக்கும் ஆசைதான் கிளாடி" என்றான். அவன் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. அதனால் இரவு முழுவதும் அவளுக்கு அதுவே காதில் இருந்தது.

விசாரணை நாளில் கூட்ட அறையில் திரைக்கு முன்னால் கிளாடிஸும் திருமூர்த்தியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் பிஸ்கட் தட்டு, அவர் ஏற்பாடு. திரையில் சென்னை ஆணையர் வந்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்ட ஐம்பது வயதுப் பெண்மணி.

"தவிர்க்க இயலாத காரணம்னு போட்டிருக்கீங்க. என்னம்மா காரணம்?"

கிளாடிஸின் கை பைக்குள் போனது. காமாலை விரலில் தட்டுப்பட்டது.

அவள் வாய் திறப்பதற்குள் திருமூர்த்தி முந்திக்கொண்டார். "நான் ஒரு வார்த்தை சொல்லலாமுங்களா, மேடம்? அம்மணி எனக்கு மக மாதிரி. ரொம்ப நல்ல புள்ளைங்க. ஆனா பாருங்க, எங்கிட்ட ஒரு காகிதத்தை நீட்டறதுக்கே ரெண்டு மாசமா கூச்சப்பட்டுட்டு இருந்துச்சு. வரும், டீ குடிக்கும், போயிடும். நாளைக்கு ஒரு மில்லுக்காரன் எளநி வெட்டிக் குடுத்தா அங்கே எப்படிங்க சாம்பிள் எடுக்கும்? இதுக்குத்தானுங்க நான் வேண்டாம்னேன்."

கிளாடிஸுக்குக் காது சிவந்தது. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் வலித்தது. பையிலிருந்து வெறும் கையை வெளியே எடுத்தாள்.

"சார் சொல்றது நெசந்தானுங்க மேடம்" என்றாள். "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. நாலஞ்சு தடவை மனுவை எடுத்துட்டுப் போனேன். போனப்பல்லாம் டீ குடுத்தாருங்க. கடைசி நாள் அவரு பேத்தி காதுகுத்துக்குப் போயி ரெண்டு தடவை பாயசம் குடிச்சேன். கெடுவுக்குள்ள குடுக்காதது என் தப்புதானுங்க. ஆனா ஒண்ணுங்க. மில்லுக்காரங்க முன்னால எனக்குக் கூச்சம் வருமா வராதான்னு சாருக்கு எப்படித் தெரியும்? பதினஞ்சு வருசத்துல என்னைய ஒரு மில்லு வாசலுக்குக்கூட அனுப்பலீங்களே."

ஆணையர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "திருமூர்த்தி, அந்தம்மா கையில மனு இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியு... பாத்தனுங்க."

"என்ன மனுன்னு?"

"அதும் தெரியுமுங்க."

"ஏன் கேட்டு வாங்கலை?"

"அவங்களா குடுக்கட்டும்னு..." என்றவர் முடிக்கவில்லை. முடித்தால் மரியாதையாக இருக்காது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்.

"மனுவோட வந்த ஊழியருக்கு டீ குடுத்து அனுப்பறது அலுவலக நடைமுறை இல்லை. தாமதம் மன்னிக்கப்படுது. மேல்முறையீட்டை எடுத்துக்கறேன். அடுத்த மாசம் விசாரணை. பெண்களை எந்தக் காரணத்துக்காகக் களத்துக்கு அனுப்பலைன்னு எழுத்துல, ஆதாரத்தோட வரணும்." திரை அணைந்தது.

வெற்றி என்று சொல்ல முடியாது. வாசலைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

திருமூர்த்தி எழுந்தார். உண்மையிலேயே மனம் நொந்த முகம். "பேத்தி காதுகுத்தைப் போயி ஆபீஸ் ரெக்கார்டுல ஏத்திப்போட்டீங்களே, அம்மணி" என்றார்.

மன்னிச்சுக்கோங்க சார் என்று சொல்ல அவள் வாய் தானாகவே திறந்தது. பிறவிப் பழக்கம். 'ம' என்கிற அளவுக்கு உதடுகூடக் குவிந்துவிட்டது.

"மழை வர்றாப்பல இருக்குதுங்க சார். நான் கெளம்பறேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. காந்திபுரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த மன்னிப்பு தொண்டையிலேயே நின்றது. ஸ்டீவின் கடை இருக்கும் நிறுத்தம் வருவதற்குச் சற்று முன்னால்தான், சிரிப்பு வந்து அதைக் கீழே தள்ளியது.