சேமிக்க இடமில்லை

அந்த ஊரில் ஒருவர் பேசுவது, நகராட்சிக் கட்டடத்திலிருந்த பழைய நெட்வொர்க் சுவிட்ச் வழியாகத்தான் இன்னொருவர் காதுக்குப் போய்ச் சேரும். அதைப் பார்த்துக்கொள்வது பொற்கொடியின் வேலை.

சுவிட்சுக்குள் ஓடிய மென்பொருள் ரொம்பப் பழையது. அதை எழுதிய கம்பெனியே இப்போது இல்லை. மழைக்காலம் முடிந்ததும் அது தடுமாற ஆரம்பித்தது. டீச்சர் நடத்திய பாடம் கசாப்புக் கடைக்காரருக்குக் கேட்டது. பொற்கொடியின் மகள் இதழினி "அம்மா" என்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு தடவை அணைச்சுப் போட்டா சரியாயிடும்மா," என்றார் மேலதிகாரி எட்வின். அவர் சொன்னது அன்று அவளுக்கே கேட்டது.

அணைத்துப் போட்டால் கடைசியாகச் சேமித்தது மட்டும்தான் அதன் நினைவில் இருக்கும். அதில் இல்லாதவர்கள் ஊரிலும் இருக்க மாட்டார்கள். கடைசியாகச் சேமித்தது இதழினி பிறப்பதற்கு முன்னால், அவள் அறை இன்னும் எருமைக் கொட்டிலாக இருந்தபோது. அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் 'இடமில்லை' என்றே பதில் வந்தது.

பிள்ளை பெற்றவர்கள் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து கத்தினார்கள். அவர்கள் கத்தியது மீன் மார்க்கெட்டில் போய் விழுந்தது. அங்கே சாளை விலை கொஞ்சம் இறங்கியது. எதிர்ப்பு ஏதும் இல்லையென்று, சுவிட்சை அணைத்துப் போடும் தீர்மானம் நிறைவேறியது.

பொற்கொடி சுவிட்சில் இடம் உண்டாக்கப் பார்த்தாள். இறந்தவர்களை அழித்தாள். ஆள் குடியில்லாத தெருக்களை அழித்தாள். கடைசியில் தன் கல்யாணத்தையும் அழித்தாள். அன்றிலிருந்து கணவர் அவளை "மேடம்" என்றார். அப்போதும் இடம் போதவில்லை.

அணைக்கும் நாளில் இதழினியைக் கூடவே அழைத்துப் போனாள். குரல் கேட்காது என்பதால் பிள்ளை கீபோர்டில் தட்டிக் கேட்டது.

"வலிக்குமாம்மா?"

"வலிக்காதுடா."

"அப்ப ஏன் அழற?"

பொற்கொடி கீபோர்டைத் தள்ளி வைத்தாள். மகளின் பின்னலை அவிழ்த்து மறுபடி இறுக்கமாகப் பின்னிவிட்டாள். எட்வின் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். அவள் சுவிட்சை அணைத்துப் போட்டாள்.

பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. கீபோர்டுக்கு முன்னால் இதழினி உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

"யாரைம்மா தேடுற?" என்றார் எட்வின். குரல் தெளிவாகக் கேட்டது. சுவிட்சைப் பார்த்துக்கொள்பவள் என்பதால் அதனோடு நேராகக் கம்பியில் இணைந்திருந்த அவளுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருந்தது.

"யாரையும் இல்ல சார்."

வீட்டுக்குப் போனாள். இதழினியின் அறையில் ஒரு எருமை நின்றிருந்தது. அதன் மடி கனத்துத் தொங்கியது. பொற்கொடி கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு, கறக்க உட்கார்ந்தாள்.